முற்றுப்புள்ளிக்குள் நுழையும் செலினியம்

சமையலறையில் இருக்கும் தூள் உப்பில் ஒரே ஒரு துகளை விரல் நுனியால் ஒதுக்கிப் பாருங்கள். அதன் எடை ஏறக்குறைய 60 மைக்ரோகிராம் இருக்கும். வளர்ந்த ஒருவருக்கு ஒரு நாளைக்குத் தேவையான செலினியமும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். அமெரிக்காவில் பரிந்துரைக்கும் அளவு 55 மைக்ரோகிராம். ஒரு கிராமைப் பத்து லட்சம் பங்காகப் பிரித்து, அதில் 55 பங்கு.

தைராய்டு மாத்திரை சாப்பிடும் என் சித்தி ஒருநாள், "செலினியம் கேப்சூலும் சேர்த்துப் போட்டால் நல்லதாமே, வாங்கட்டுமா?" என்று கேட்டார். ஆமாம் என்றோ வேண்டாம் என்றோ ஒரே வார்த்தையில் என்னால் பதில் சொல்ல முடியவில்லை. இந்த உப்புத்துகள் அளவு தாது உடம்புக்குள் போய் என்ன செய்கிறது, குறைந்தால் எது முதலில் நிற்கிறது, கூடினால் என்ன ஆகிறது என்று தெரிந்தால்தான் அந்தக் கேள்விக்குப் பதில் வரும். உயிரியலில் நான் படித்தவற்றில் மிக அழகான பகுதிகளில் ஒன்று இது. பொறுமையாகப் பார்ப்போம்.

செலினியத்தை 1817-ல் கண்டுபிடித்தவர் ஸ்வீடன் நாட்டு வேதியியலாளர் பெர்சீலியஸ். கந்தக அமிலம் தயாரிக்கும்போது அடியில் தங்கிய சிவந்த வண்டலில் அது கிடைத்தது. நிலவைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லை வைத்துப் பெயரிட்டார். அதன்பின் நூறாண்டுக்கு மேல் அதற்கு நஞ்சு என்றுதான் பேர். 1930களில் அமெரிக்காவின் தெற்கு டகோட்டா பகுதியில் கால்நடைகளுக்கு மயிர் உதிர்ந்து குளம்பு கழன்று போனது. மண்ணிலும் அதில் முளைத்த செடிகளிலும் மிகுந்திருந்த செலினியம்தான் காரணம் என்று தெரிந்தது. 1957-ல் நிலைமை தலைகீழானது. அமெரிக்காவில் க்ளாஸ் ஷ்வார்ட்ஸ், கால்வின் ஃபோல்ட்ஸ் என்ற இருவர், ஒருவகை ஈஸ்ட்டை மட்டுமே புரதமாகக் கொடுத்து வளர்த்த எலிகளின் கல்லீரல் அழிந்துபோவதையும், மிகச் சிறிதளவு செலினியம் சேர்த்தால் அது நிற்பதையும் காட்டினார்கள். நஞ்சு என்று ஒதுக்கிய பொருள் இல்லாமல் எலியால் உயிர்வாழ முடியவில்லை.

மனிதருக்கும் அது வேண்டும் என்பதைச் சீனாதான் வலியோடு காட்டியது. வடகிழக்கில் கெஷான் என்றொரு மாவட்டம். 1935-ல் அங்கே பரவலாகத் தாக்கிய இதயநோய்க்கு அந்த ஊர்ப் பெயரே நிலைத்துவிட்டது. குழந்தைகளும் பிள்ளை பெறும் வயதுப் பெண்களும்தான் அதிகம் பாதிக்கப்பட்டார்கள். இதயத் தசை நைந்து, இதயம் வீங்கி, பலர் இறந்தார்கள். நோய் கண்ட இடங்களை வரைபடத்தில் குறித்தபோது, வடகிழக்கிலிருந்து தென்மேற்கு வரை ஒரு பட்டைபோல் நீண்டது. அந்தப் பட்டை நெடுகிலும் மண்ணில் செலினியம் மிகக் குறைவு. மக்களோ தங்கள் வயலில் விளைந்ததை மட்டுமே சாப்பிட்ட உழவர் குடும்பங்கள்.

சிச்சுவான் மாகாணத்தில் மியன்னிங் என்ற இடத்தில் 1974-ல் வாரம் ஒரு முறை சோடியம் செலினைட் என்ற செலினிய உப்பு மாத்திரை கொடுத்துப் பார்த்தார்கள். மாத்திரை பெற்ற 4,510 குழந்தைகளில் 10 பேருக்கு நோய் வந்தது. பெறாத 3,985 குழந்தைகளில் 54 பேருக்கு வந்தது. அடுத்த ஆண்டும் இதே மாதிரிதான். 1976-ல், இனி யாருக்கும் கொடுக்காமல் இருப்பது நியாயமில்லை என்று எல்லாக் குழந்தைகளுக்கும் கொடுத்துவிட்டார்கள். இந்த எண்களை எப்போது படித்தாலும், அந்த 54 குழந்தைகளை நினைக்காமல் என்னால் கடந்துபோக முடிவதில்லை.

சரி, அந்தத் துகள் உள்ளே என்னதான் செய்கிறது?

தனிம அட்டவணையில் கந்தகத்துக்கு நேர் கீழே உட்கார்ந்திருப்பது செலினியம். இரண்டுக்கும் குணம் ஏறக்குறைய ஒன்று. நம் புரதங்களைக் கட்டும் அமினோ அமிலங்களில் கந்தகம் உள்ள ஒன்றுக்கு சிஸ்டீன் என்று பெயர். அதிலிருந்து கந்தக அணுவை எடுத்துவிட்டு அந்த இடத்தில் செலினிய அணுவை வைத்தால் அது செலினோசிஸ்டீன். வித்தியாசம் ஒரே ஓர் அணுதான். ஆனால் உடம்பின் கார அமில நிலையில் சிஸ்டீன் பெரும்பாலும் ஹைட்ரஜனைப் பிடித்துக்கொண்டு அடங்கி இருக்கும். செலினோசிஸ்டீனோ ஹைட்ரஜனைக் கழற்றிவிட்டு, மின்னூட்டத்தோடு, வினைக்கு எப்போதும் தயாராக நிற்கும். அதனால் சில நொதிகள் தங்கள் வேலை நடக்கும் மையத்தில், சரியாக அந்த ஓர் இடத்தில், செலினோசிஸ்டீனை வைத்திருக்கின்றன. அதை எடுத்துவிட்டு சாதாரண சிஸ்டீனை வைத்தால் அவற்றின் வேகம் பெருமளவு சரிந்துவிடும்.

இப்படிச் செலினோசிஸ்டீனைத் தாங்கிய புரதங்களைச் செலினோபுரதங்கள் என்கிறோம். முதலில் அடையாளம் கண்டது 1973-ல். குளூட்டதயோன் பெராக்ஸிடேஸ் என்ற நொதிக்குள் செலினியம் இருப்பதை அமெரிக்காவில் ஒரு குழுவும் ஜெர்மனியில் ஒரு குழுவும் காட்டின. செல்லுக்குள் மூச்சின் கழிவாகப் பிறக்கும் ஹைட்ரஜன் பெராக்சைடைத் தண்ணீராக்கி அடக்குவது இதன் வேலை. மனிதரிடம் செலினோபுரதங்களுக்கான மரபணுக்கள் மொத்தம் 25 இருப்பதாக 2003-ல் கணக்கெடுத்தார்கள். இருபதாயிரத்தை ஒட்டிய மரபணுக்களில் வெறும் 25. ஆனால் அந்தச் சிலவற்றில்தான் தைராய்டு ஹார்மோனைச் செயல்பட வைப்பது, செல்லின் சவ்வு கெட்டுப்போகாமல் காப்பது, விந்தணுவின் நடுப்பகுதிக்கு உறுதி தருவது எல்லாம் அடங்கியிருக்கின்றன.

இனி வருவதுதான் என்னைக் கட்டிப்போட்ட பகுதி.

ஒரு மரபணுவில் இருப்பது ஒரு புரதத்துக்கான எழுத்துக்குறிப்பு. செல் அதை எம்ஆர்என்ஏ என்ற நகலாக எடுக்கிறது. ரைபோசோம் என்ற எந்திரம் அந்த நகலை மூன்று மூன்று எழுத்தாகப் படித்துக்கொண்டே போய், ஒவ்வொரு மூன்றெழுத்துக்கும் ஓர் அமினோ அமிலத்தைக் கோக்கிறது. இந்த மொத்த வேலையின் பெயர்தான் மரபணு வெளிப்பாடு. மூன்றெழுத்துச் சொற்கள் மொத்தம் 64. அவற்றில் 61 சொற்கள் அமினோ அமிலங்களைக் குறிக்கும். மீதி மூன்றும் முற்றுப்புள்ளிகள். "இத்தோடு புரதம் முடிந்தது, இறக்கிவிடு" என்று அர்த்தம். அந்த மூன்றில் ஒன்று யூஜிஏ.

1986-ல் கிளாஸ்கோவில் எலியின் குளூட்டதயோன் பெராக்ஸிடேஸ் மரபணுவைப் படித்த குழுவுக்கு ஒரு திகைப்பு காத்திருந்தது. குறிப்பின் நடுவில், செலினோசிஸ்டீன் இருக்கவேண்டிய அதே இடத்தில், முற்றுப்புள்ளி. அதே ஆண்டு மியூனிக்கில் ஆகஸ்ட் பொக் குழு ஒரு பாக்டீரிய மரபணுவில் இதையே கண்டது. செலினோசிஸ்டீனுக்கென்று தனிச் சொல் கிடையாது. முற்றுப்புள்ளியையே அது தன் சொல்லாகப் பயன்படுத்துகிறது. இருபது அமினோ அமிலங்கள் என்று பாடப்புத்தகத்தில் இருந்த பட்டியலில் இருபத்தொன்றாவது வந்து சேர்ந்தது இப்படித்தான்.

தமிழில் 'ஆறு' என்று எழுதினால் அது நதியா, எண்ணா என்று அந்தச் சொல்லை மட்டும் பார்த்துச் சொல்ல முடியாது. 'ஆறு மணி' என்றால் எண், 'ஆறு கரைபுரண்டது' என்றால் நதி. பக்கத்துச் சொல் பார்த்துப் புரிந்துகொள்கிறோம். யூஜிஏவுக்கும் அப்படி ஒரு துணை வேண்டும். ஆனால் மனிதர்களிடமும் விலங்குகளிடமும் அந்தத் துணை பக்கத்தில் இல்லை. புரதக் குறிப்பு எல்லாம் முடிந்த பிறகு, நகலின் வால் பகுதியில் இருக்கிறது. அங்கே ஆர்என்ஏ இழை தன்மேலேயே மடிந்து, மலைப்பாதையின் கொண்டை ஊசி வளைவுபோல் நிற்கும். அதற்கு செசிஸ் என்று பெயர். 1991-ல் கண்டுபிடித்தார்கள். இந்த வளைவு வாலில் இருந்தால், மேலே வரும் யூஜிஏவை முற்றுப்புள்ளியாக எடுக்காமல் செலினோசிஸ்டீன் என்று படிக்கவேண்டும். பக்கத்தின் அடியில் போட்ட குறிப்பு, மேலே ஒரு சொல்லின் பொருளை மாற்றுவது மாதிரி.

செசிஸ் வளைவில் எஸ்பிபி2 என்ற புரதம் வந்து உட்காரும். அது இன்னொரு புரதத்தை அழைக்கும். அந்தப் புரதம் செலினோசிஸ்டீனைச் சுமந்த டிஆர்என்ஏவைக் கொண்டுவந்து ரைபோசோமிடம் சேர்க்கும். டிஆர்என்ஏ என்பது அமினோ அமிலத்தைச் சுமக்கும் கூலியாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். மற்ற இருபதும் செல்லுக்குள் தயாராக இருக்கும், கூலியாள் எடுத்துத் தோளில் வைத்துக்கொண்டு வந்தால் போதும். செலினோசிஸ்டீனை மட்டும் கூலியாளின் தோளிலேயே வைத்துச் செய்கிறார்கள். பந்திக்கு எடுத்துப் போகும் வழியில் வாளியிலேயே சமைப்பதுபோல. முதலில் செரின் என்ற சாதாரண அமினோ அமிலத்தை ஏற்றி, அதை மாற்றி, கடைசியில் செலினியத்தைச் சேர்க்கிறார்கள். அது மிகவும் துடிப்பான பொருள் என்பதால் செல்லுக்குள் அவிழ்த்துவிட்டு வைக்காமல் இப்படிச் செய்வது புரிகிறது.

கடைசி அடியில் சேரும் அந்தச் செலினியம் நாம் சாப்பிட்டது. உணவில் எந்த வடிவில் வந்தாலும், செல் அதைச் செலினைடு என்ற எளிய வடிவுக்கு உடைத்து, பிறகு பாஸ்பேட்டோடு சேர்த்துத்தான் பயன்படுத்தும். இப்படிச் சேர்க்கும் நொதியே ஒரு செலினோபுரதம் என்பதை முதல்முறை படித்தபோது புத்தகத்தை மூடிவிட்டுச் சற்று நேரம் உட்கார்ந்திருந்தேன். செலினியத்தைக் கையாளும் கருவியைச் செய்யவே செலினியம் வேண்டியிருக்கிறது.

இப்போது சாப்பாட்டில் செலினியம் குறைகிறது என்று வைத்துக்கொள்வோம். ரைபோசோம் யூஜிஏவுக்கு வந்து நிற்கிறது. செலினோசிஸ்டீன் சுமந்த கூலியாட்கள் குறைவு. அந்த இடத்துக்கு இன்னொரு போட்டியாளர் எப்போதும் காத்திருக்கிறார்: முற்றுப்புள்ளியைக் கண்டதும் புரதத்தைக் கழற்றிவிடும் விடுவிப்புக் காரணி. கூலியாள் தாமதித்தால் அவர் ஜெயிப்பார். பாதியில் நின்ற, உதவாத துண்டுப் புரதம் வெளியே விழும்.

விஷயம் அங்கேயே நிற்பதில்லை. செல்லுக்குள் பிழைதிருத்தும் ஏற்பாடு ஒன்று இருக்கிறது. நகலின் நடுவில், இருக்கக்கூடாத இடத்தில் முற்றுப்புள்ளி வந்தால், "இது பழுதான நகல்" என்று முடிவு செய்து அந்த எம்ஆர்என்ஏவையே அழித்துவிடும். செலினியம் போதுமான அளவு இருக்கும்போது யூஜிஏ ஒரு சொல்லாகப் படிக்கப்படுவதால் பிழைதிருத்திக்குச் சந்தேகம் வராது. குறைந்தால் அதே யூஜிஏ நடுவில் வந்த முற்றுப்புள்ளியாகத் தெரியும். ஜிபிஎக்ஸ்1 என்று சுருக்கமாகச் சொல்லும் முதல் வகைக் குளூட்டதயோன் பெராக்ஸிடேஸின் நகல் இப்படி அழிவதை 1998-ல் லின் மக்வாட்டின் குழு காட்டியது. செலினியம் இல்லாத தீனி தின்ற எலிகளின் கல்லீரலில் இந்த நகல் வழக்கமான அளவில் பத்தில் ஒரு பங்குக்கு இறங்கிவிடும். நொதியின் செயல்பாடு கிட்டத்தட்ட இல்லாமலே போகும்.

இங்கே ஒரு நுணுக்கத்தைக் கவனிக்கவேண்டும். "செலினியம் மரபணுவை இயக்குகிறது, நிறுத்துகிறது" என்று பல இடங்களில் எழுதியிருப்பார்கள். ஜிபிஎக்ஸ்1 விஷயத்தில் அது சரியில்லை. மரபணுவிலிருந்து நகல் எடுக்கும் வேகம் செலினியம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் மாறுவதில்லை என்று அளந்து பார்த்திருக்கிறார்கள். குழாய் அதே வேகத்தில்தான் ஊற்றுகிறது, குடத்தில்தான் ஓட்டை. நகல் எடுத்த பிறகு அது எவ்வளவு நேரம் உயிரோடு இருக்கிறது, எத்தனை முறை முழுதாகப் படிக்கப்படுகிறது என்ற இரண்டு படிகளில்தான் செலினியத்தின் கை இருக்கிறது.

அப்படியானால் 25 செலினோபுரதங்களும் ஒன்றாகச் சரியவேண்டுமே? சரிவதில்லை. ஜிபிஎக்ஸ்1 முதலில் விழும். நான்காம் வகையான ஜிபிஎக்ஸ்4-இன் நகல் ஏறக்குறைய அப்படியே நிற்கும், புரதம் ஓரளவுதான் குறையும். தயோரெடாக்ஸின் ரிடக்டேஸ் என்ற இன்னொரு செலினோபுரதமும் எளிதில் விட்டுக்கொடுக்காது. எஸ்பிபி2 எல்லா செசிஸ் வளைவுகளையும் ஒரே பிடிப்போடு பிடிப்பதில்லை என்பது இதற்கு ஒரு காரணம். கூலியாளின் வகை இன்னொரு காரணம். செலினோசிஸ்டீனைச் சுமக்கும் டிஆர்என்ஏவில் இரண்டு வகை உண்டு. இரண்டுக்கும் வேறுபாடு ஒரு சின்ன மெத்தில் ஒட்டு மட்டுமே. செலினியம் போதுமான அளவு இருந்தால் ஒட்டுள்ள வகை பெருகும், குறைந்தால் அதுவும் குறையும். ஜிபிஎக்ஸ்1 போன்றவற்றைச் செய்ய ஒட்டுள்ள வகைதான் வேண்டும். ஜிபிஎக்ஸ்4-ஐ எந்த வகையைக் கொண்டும் சமாளித்துச் செய்துவிடலாம்.

இந்த வரிசையில் ஒரு நியாயம் இருக்கிறது. ஜிபிஎக்ஸ்1 மரபணுவை நீக்கிய எலிகள் கூண்டுக்குள் சாதாரணமாகவே வளர்கின்றன. ஜிபிஎக்ஸ்4-ஐ நீக்கினால் எலி கருவிலேயே இறந்துவிடும். செல்லின் சவ்வில் உள்ள கொழுப்பு ஆக்சிஜனேற்றம் அடைந்து, இரும்பின் துணையோடு செல் செத்துப்போகும் ஒருவகை மரணத்துக்கு 2012-ல் ஃபெரப்டோசிஸ் என்று பெயர் வைத்தார்கள். அதைத் தடுத்து நிறுத்தும் முதன்மைக் காவல் ஜிபிஎக்ஸ்4. பஞ்சத்தில் நகையை அடகு வைத்தாலும் விதைநெல்லில் கைவைக்காத குடும்பம் மாதிரி, செல் முதலில் எதை இழக்கலாம் என்று ஒரு கணக்கு வைத்திருக்கிறது.

ஆனால் முதலில் விடுவது ஜிபிஎக்ஸ்1 என்பதால் அது தேவையில்லாத ஒன்று என்று நினைத்துவிடக்கூடாது. கெஷான் நோய் பருவத்துக்குப் பருவம் ஏறி இறங்கியது. செலினியக் குறைவு மட்டுமே காரணமென்றால் அப்படி இருக்காது. நோயாளிகளிடம் காக்சாக்கி வைரஸ் தென்பட்டதும் ஒரு துப்பு. 1990களில் அமெரிக்காவில் மெலிண்டா பெக்கின் குழு, இதயத்துக்குக் கேடு செய்யாத ஒரு காக்சாக்கி வைரஸை, செலினியம் குறைந்த எலிகளுக்குச் செலுத்தியது. அந்த எலிகளின் இதயம் பாதிக்கப்பட்டது. அதைவிட அதிர்ச்சியானது அடுத்தது. அந்த எலிகளிலிருந்து எடுத்த வைரஸை நன்றாகத் தீனி தின்ற எலிகளுக்குச் செலுத்தியபோது அவற்றின் இதயமும் பாதிக்கப்பட்டது. வைரஸின் மரபணுவில் ஆறு எழுத்துகள் மாறியிருந்தன. பிறகு, செலினியம் போதுமான அளவு கிடைத்தும் ஜிபிஎக்ஸ்1 மரபணு மட்டும் இல்லாத எலிகளில் இதே வைரஸைச் செலுத்தியபோதும் இதய அழற்சி வந்தது. கூண்டுக்குள் அமைதியாக இருக்கும்வரை அந்த நொதி இல்லாதது தெரியவில்லை. தொற்று வந்ததும் தெரிந்தது. ஓர் ஊரின் மண்ணில் இருந்த குறை, ஒரு நொதி வழியாக, ஒரு கிருமியின் எழுத்தையே மாற்றக்கூடும் என்பதை எண்ணிப் பார்க்கவே பிரமிப்பாக இருக்கிறது.

புரதங்களுக்குள் இருப்பதுபோல் உறுப்புகளுக்குள்ளும் ஒரு முறை உண்டு. காவிரியில் தண்ணீர் குறைந்தால் தலைமடை வயல் நனையும், கடைமடை காயும். உடம்பில் நேர் எதிர். குடலிலிருந்து செலினியம் முதலில் வந்து சேர்வது கல்லீரலுக்கு. அதுதான் தலைமடை. ஆனால் பற்றாக்குறைக் காலத்தில் கல்லீரல் தன் பங்கை விட்டுக்கொடுத்து, கடைமடையில் இருக்கும் மூளைக்கும் விந்தகத்துக்கும் அனுப்புகிறது. அனுப்பும் வண்டியும் ஒரு செலினோபுரதம்தான். செலினோபுரதம் பி என்று பெயர். மற்றவற்றில் பெரும்பாலும் ஒரே ஒரு செலினோசிஸ்டீன் இருக்க, மனிதரின் செலினோபுரதம் பி-யில் பத்து இருக்கின்றன. கல்லீரல் செய்து ரத்தத்தில் விடுகிறது. மூளையிலும் விந்தகத்திலும் இதைப் பிடித்து உள்ளே இழுக்கும் ஏற்பி இருக்கிறது. இந்தப் புரதத்துக்கான மரபணுவை நீக்கிய எலிகளுக்குச் செலினியம் குறைந்த தீனி கொடுத்தால் நரம்புக் கோளாறு வருகிறது, நடை தள்ளாடுகிறது. கல்லீரலில் செலினியம் இருந்தும் மூளைக்குப் போய்ச் சேர வழியில்லை.

சித்தியின் தைராய்டுக்கு வருவோம். எடை பார்த்துக் கணக்கிட்டால் உடம்பில் செலினியம் செறிந்த உறுப்புகளில் தைராய்டு முன்னணியில் இருக்கிறது. அது சுரக்கும் டி4 ஹார்மோனில் நான்கு அயோடின் அணுக்கள். வேலை செய்யும் வடிவமான டி3 ஆக அதில் ஒன்றைக் கழற்றவேண்டும். கழற்றும் டியோடினேஸ் நொதிகள் செலினோபுரதங்கள். செலினியம் குறைந்தால் கல்லீரலில் இந்த நொதி சரியும், தைராய்டுக்குள் அவ்வளவு சரியாது. தைராய்டும் பற்றாக்குறையில் காப்பாற்றப்படும் உறுப்புகளில் ஒன்று. அப்புறம் ஓர் எச்சரிக்கை. அன்று ஜயர் என்று அழைக்கப்பட்ட காங்கோவின் வட பகுதியில், அயோடினும் செலினியமும் சேர்ந்தே குறைந்த மக்களுக்கு, அயோடினுக்கு முன்பே செலினியத்தை மட்டும் கொடுத்துப் பார்த்தார்கள். தைராய்டு ஏற்கனவே நலிந்திருந்தவர்களுக்கு டி4 இன்னும் கீழே போனது. நொதி உயிர்பெற்று, இருந்த கொஞ்ச ஹார்மோனையும் வேகமாகக் கரைத்துவிட்டது. ஒரு தாதுவை மட்டும் தனியாகப் பிடித்து ஏற்றுவதில் இப்படி ஓர் ஆபத்து உண்டு.

குறைவைப் பார்த்தோம். கூட்டிக்கொண்டே போனால்? செலினோபுரதங்களும் கூடிக்கொண்டே போகும் என்றுதான் பலரும் எதிர்பார்ப்பார்கள். போகாது. ஒவ்வொன்றும் ஓர் உச்சத்துக்கு வந்து சமமாகிவிடும். எல்லா யூஜிஏவுக்கும் கூலியாள் தயாராக நின்றபிறகு, இன்னும் கூலியாட்களைக் கொண்டுவந்து நிறுத்துவதால் புரதம் கூடாது. மிஞ்சியதை உடம்பு சர்க்கரையோடு சேர்த்துச் சிறுநீரில் வெளியேற்றும். இன்னும் மிஞ்சினால் மூச்சில் வெளியேறும், அப்போது பூண்டு நாற்றம் அடிக்கும்.

இது மருத்துவ ஆய்வுகளிலும் தெரிந்தது. 1996-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், தினமும் 200 மைக்ரோகிராம் செலினியம் எடுத்தவர்களுக்குப் புரோஸ்டேட் புற்றுநோய் குறைந்தது போலத் தெரிந்தது. அதைச் சரிபார்க்க 35,533 ஆண்களை வைத்து 'செலக்ட்' என்ற பெரிய ஆய்வைத் தொடங்கினார்கள். பயன் எதுவும் தெரியாததால் 2008-ல் மாத்திரையை நிறுத்தினார்கள். அந்த ஆண்களின் ரத்தத்தில் தொடக்கத்திலேயே செலினியம் நிறைவாக இருந்தது. நிரம்பிய குளத்தில் மேலும் திறந்துவிட்ட தண்ணீர்தான் அது. முந்தைய ஆய்வில் செலினியம் எடுத்தவர்களிடம் இரண்டாம் வகை நீரிழிவு கூடியிருந்ததும் பிறகு தெரியவந்தது.

அளவு மீறினால் முதலில் முடி உதிரும், நகம் பெயரும். சீனாவின் என்ஷி பகுதியில் 1960களின் தொடக்கத்தில் பல ஊர்களில் இது நடந்தது. கெஷான் நோய் வந்த அதே நாடு. ஒரு பக்கம் மண்ணில் இல்லாமல் இதயம் போனது, இன்னொரு பக்கம் மண்ணில் மிகுந்து முடியும் நகமும் போயின. அமெரிக்காவில் ஒரு நாளைக்கான உச்ச வரம்பு 400 மைக்ரோகிராம். ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2023-ல் தன் வரம்பை 255 என்று இறக்கியது. தேவைக்கும் வரம்புக்கும் நடுவில் இவ்வளவு குறுகிய இடைவெளி உள்ள சத்துகள் அதிகமில்லை. எந்தக் கேப்சூலையும் எடுக்குமுன் அதில் எத்தனை மைக்ரோகிராம் என்று பார்க்கச் சொல்வது இதனால்தான். பிரேசில் கொட்டை பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஆறேழு கொட்டைகளிலேயே 500 மைக்ரோகிராமைத் தாண்டலாம். தினமும் கைப்பிடி அள்ளிச் சாப்பிடும் பொருள் அல்ல.

மற்றபடி உணவில் செலினியம் எங்கே இருக்கிறது என்றால், மீனில் நன்றாகவே இருக்கிறது. சூரை, மத்தி, இறால் எல்லாம் நல்லவை. முட்டை, கோழி, ஈரல் ஆகியவற்றிலும் உண்டு. தானியத்தில் எவ்வளவு என்பது முழுக்க மண்ணைப் பொறுத்தது. நெல்லுக்கோ கோதுமைக்கோ செலினியம் தேவையே இல்லை. உயர்தாவரங்களிடம் செலினோபுரதமே கிடையாது. கந்தகம் என்று நினைத்து வேர் அதை உறிஞ்சிக்கொள்கிறது. மெத்தியோனின் என்ற அமினோ அமிலத்தில் கந்தகத்துக்குப் பதிலாக வைத்துவிடுகிறது. நம் செல்லும் அந்தச் செலினோமெத்தியோனினை மெத்தியோனின் என்றே எண்ணி, எந்தப் புரதத்திலும் கோத்துவிடும். அது செசிஸ் வளைவு கேட்டு நடப்பதல்ல, ஆள்மாறாட்டத்தில் நடப்பது. ஆனாலும் அதனால் ஒரு நன்மை: தசையில் சேமிப்பாக இருந்து, தேவைப்படும்போது கரைந்து உதவும்.

பஞ்சாபின் ஹோஷியார்பூர், நவான்ஷஹர் பகுதிகளில் சில வயல்களின் மண்ணில் செலினியம் மிக அதிகம். அங்கே எருமைகளுக்குக் குளம்பு கழன்றிருக்கிறது. பின்லாந்தின் மண்ணில் மிகக் குறைவு. அந்த நாடு 1984-ல் ஒரு துணிச்சலான முடிவெடுத்தது: மக்களுக்கு மாத்திரை கொடுப்பதற்குப் பதிலாக, நாடு முழுவதும் விற்கும் உரத்தில் சோடியம் செலினேட் சேர்த்தார்கள். பயிர் அதை எடுத்துக்கொண்டது, பயிரை மாடு எடுத்துக்கொண்டது. ரொட்டியிலும் பாலிலும் இறைச்சியிலும் செலினியம் ஏறியது. ஒருவருக்கு ஒரு நாளில் 40 மைக்ரோகிராமுக்கும் குறைவாகக் கிடைத்த நிலை மாறி, சில ஆண்டுகளில் 100-ஐத் தாண்டியது. பயிரையே மருந்துக் கடையாக்கிய அந்த யோசனை எனக்கு மிகவும் பிடிக்கும். பிறகும் அவர்கள் விட்டுவிடவில்லை. மண்ணையும் உணவையும் தொடர்ந்து அளந்து, உரத்தில் சேர்க்கும் அளவைக் கூட்டியும் குறைத்தும் வந்தார்கள்.

கடைசியாக, அந்த 55 எங்கிருந்து வந்தது என்று சொல்லவேண்டும். போதுமான செலினியம் என்பதை எப்படி அளப்பது? உடம்பின் செலினோபுரதங்களையே அளவுகோலாக வைத்தார்கள். செலினியத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக்கொண்டே போய், ரத்தத்தில் உள்ள குளூட்டதயோன் பெராக்ஸிடேஸ் எந்த இடத்தில் உச்சத்தைத் தொட்டு நிற்கிறது என்று பார்த்தார்கள். அதை அடிப்படையாக வைத்து 2000-ல் அமெரிக்கா போட்ட கணக்குதான் 55. செலினோபுரதம் பி நிரம்ப இன்னும் சற்றுக் கூடுதல் செலினியம் வேண்டும் என்பது பிறகு தெரிந்தது. குழந்தைகள் மாத்திரை பெற்ற அதே மியன்னிங் மக்களிடம் நடந்த ஆய்வுகள்தான் அதைக் காட்டின. ஐரோப்பிய ஆணையம் 2014-ல் அந்தப் புரதத்தை அளவுகோலாக எடுத்துக்கொண்டு 70 என்றது. 55-க்கும் 70-க்கும் இடையில் இருப்பது உப்புத்துகளின் கால் பங்கு. எந்தப் புரதம் நிரம்பும்வரை காத்திருப்பது என்பதில்தான் அந்தக் கால் பங்கு வந்தது.

சித்தியிடம் முதலில் அவர் வாரத்தில் எத்தனை நாள் மீனும் முட்டையும் சாப்பிடுகிறார் என்று கேட்டேன். ஐந்து நாள் என்றார். கேப்சூல் வாங்குவதற்கு முன் இதையும் சொல்லி, தைராய்டு மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள் என்றேன்.